கடைத்தெரு மூடினால் நகராட்சி என்ன செய்யும்?

2020 மே மாதம் அமெரிக்காவின் தேசிய நகரங்கள் கூட்டமைப்பு ஒரு கணக்குச் சொன்னது. கொரோனாவுக்காகக் கடைகளும் அலுவலகங்களும் அடைக்கப்பட்டதால், மூன்று ஆண்டுகளில் நகரங்களின் வருவாய் 36,000 கோடி டாலர் குறையும் என்பது அந்தக் கணக்கு. நகர மன்றங்கள் அதை நம்பின. நம்பாமலிருக்க அப்போது காரணமும் இல்லை. ஓராண்டு கழிந்தபோது, பெரும்பாலான நகரங்களில் அந்த அளவுக்குப் பள்ளம் விழவில்லை என்று தெரிந்தது. சில ஊர்களில் வரி வசூல் முந்தைய ஆண்டைவிடக் கூடியும் இருந்தது. அதற்குள் நூலகங்கள் பூட்டப்பட்டிருந்தன, பகுதிநேரப் பணியாளர்கள் வீட்டுக்கு அனுப்பப்பட்டிருந்தார்கள், தெருக்களைச் செப்பனிடும் வேலைகள் தள்ளிவைக்கப்பட்டிருந்தன.

கணிப்பு தவறிவிட்டது என்று சொல்லி இதைக் கடந்துவிட முடியாது. எதிர்பார்த்த இழப்பு ஏன் எல்லா ஊர்களுக்கும் வரவில்லை? வந்த ஊர்களுக்கு ஏன் வந்தது? அச்சத்தில் செய்த சிக்கனத்தின் விலையை யார் கொடுத்தார்கள்? சிறு நகரங்களை வைத்தே இதைப் பார்க்க வேண்டும். நியூயார்க் தள்ளாடினால் உலகமே எழுதும். ஐயாயிரம் பேர் வாழும் ஊரின் கஜானா காலியானால் அந்த ஊர்க்காரர்களைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது.

இந்தக் கேள்விகளுக்குக் கிடைக்கும் விடை சற்றுச் சங்கடமானது. நெருக்கடியின்போது காட்டிய சாமர்த்தியத்தால் தப்பித்த நகரங்கள் மிகக் குறைவு. எந்த வரியை நம்பி நகரம் நடந்தது, அதன் பின்னால் யார் நின்றார்கள் என்ற இரண்டும்தான் பெரும்பாலும் முடிவைத் தீர்மானித்தன. இரண்டுமே அடைப்புக்கு வெகுகாலம் முன்பே முடிவாகிவிட்டவை.

கடன் வாங்க முடியாத அரசு

வருமானம் குறைந்தால் ஒரு நாட்டின் அரசு கடன் வாங்கிச் செலவு செய்யலாம். அமெரிக்க நகராட்சிக்கு அந்த வசதி இல்லை. வெர்மான்ட் தவிர மற்ற மாநிலங்கள் எல்லாவற்றிலும் வரவுக்குள் செலவு என்ற விதி ஏதோ ஒரு வடிவில் உண்டு. நகரங்களையும் மாநிலச் சட்டமோ நகரச் சாசனமோ அப்படியே கட்டிப்போடுகிறது. தண்ணீர்த் தொட்டி கட்டப் பத்திரம் வெளியிட்டுக் கடன் வாங்கலாம். சம்பளம் கொடுக்க வாங்க முடியாது.

இதோடு காலண்டரும் சேர்ந்துகொண்டது. பல நகரங்களின் நிதியாண்டு ஜூலை 1-இல் தொடங்குகிறது. 2020 மார்ச்சில் அடைப்பு வந்தபோது ஆண்டின் முக்கால் பங்கு செலவு முடிந்துவிட்டிருந்தது. ஆண்டு வருவாயில் பத்தில் ஒரு பங்கு குறைகிறது என்று வைத்துக்கொள்வோம். அதை மிச்சமிருக்கும் மூன்று மாதங்களுக்குள் சரிக்கட்ட வேண்டுமென்றால், அந்த மூன்று மாதச் செலவில் ஐந்தில் இரண்டு பங்கை வெட்ட வேண்டும். காகிதத்தில் பத்து விழுக்காடாகத் தெரிவது நடைமுறையில் நாற்பது விழுக்காடாகிவிடுகிறது.

வெட்டுவதற்கும் அதிகம் இருக்காது. சிறு நகரத்தின் பொது நிதியில் பெரும்பகுதி சம்பளமாகப் போகிறது, அதிலும் பெரும்பகுதி போலீசுக்கும் தீயணைப்புக்கும். இவர்களுக்குத் தொழிற்சங்க ஒப்பந்தம் உண்டு. ஊர் மக்களும் இவர்களைக் குறைக்கச் சம்மதிக்க மாட்டார்கள். ஓய்வூதியப் பங்களிப்பு, காப்பீடு, பழைய கடனின் வட்டி ஆகியவற்றிலும் கைவைக்க இயலாது. கடைசியில் எஞ்சுவது பூங்கா, நூலகம், நீச்சல் குளம், சாலைப் பராமரிப்பு. நெருக்கடி வரும்போதெல்லாம் இவையே முதலில் அடிபடுவதற்குக் காரணம் இவற்றுக்கு ஒப்பந்தமோ வட்டியோ இல்லை என்பதுதான்.

எந்த வரி, எந்த விதி

அமெரிக்க நகரங்களுக்கு ஒரே மாதிரியான வருவாய் கிடையாது. ஒவ்வொரு மாநிலமும் தன் நகரங்களுக்கு வெவ்வேறு வரிகளை அனுமதிக்கிறது. அடைப்பு யாரை எப்படித் தாக்கியது என்பது இந்த வேறுபாட்டில் அடங்கியிருக்கிறது.

சொத்து வரியை நம்பிய ஊர்களுக்கு 2020-இல் பெரிய ஆட்டம் இல்லை. வீட்டின் மதிப்பு ஓராண்டோ அதற்கு மேலோ முன்பு கணக்கிடப்பட்டது. வீட்டுக் கடன் உள்ளவர்களிடம் கடன் கொடுத்த வங்கியே மாதத் தவணையோடு வரியையும் சேர்த்துப் பிடித்துக்கொள்வது அங்கு வழக்கம். ஆகவே கடைத்தெரு மூடியிருந்தபோதும் வரி வந்துகொண்டிருந்தது. 2008-இன் வீட்டு விலைச் சரிவு இதற்கு நேரெதிர். அப்போது அடி தாமதமாக விழுந்தது, ஆனால் ஆண்டுக்கணக்கில் நீடித்தது. மதிப்பீடுகள் மெதுவாகக் கீழிறங்கியதால், நாட்டின் பொருளாதாரம் எழுந்த பிறகும் நகராட்சிகள் ஆட்களைக் குறைத்துக்கொண்டே இருந்தன.

விற்பனை வரியை நம்பிய ஊர்களின் கதை வேறு. ஓக்லஹோமாவில் நகரங்கள் அன்றாடச் செலவுக்குச் சொத்து வரியைத் தொட முடியாது. கடன் பத்திரங்களைத் திருப்பவும் நீதிமன்றத் தீர்ப்புத் தொகைகளைக் கட்டவும் மட்டுமே அது அனுமதிக்கப்படுகிறது. போலீஸ் வண்டிக்குப் பெட்ரோல் போடுவதும் அன்று கடைத்தெருவில் விற்ற சாமானைப் பொறுத்தது. கலிபோர்னியாவில் 1978-இல் வாக்காளர்கள் நிறைவேற்றிய 13-ஆம் முன்மொழிவு, சொத்து வரியை மதிப்பில் 1 விழுக்காட்டுக்குள்ளும் மதிப்பின் ஆண்டு உயர்வை 2 விழுக்காட்டுக்குள்ளும் அடக்கியது. அதன்பின் அங்குள்ள சிறு நகரங்கள் கார் விற்பனையகங்களையும் பேரங்காடிகளையும் விடுதிகளையும் போட்டி போட்டுக்கொண்டு அழைத்தன. அப்படி அழைத்த விருந்தாளிகளில் பலர் மார்ச் 2020-இல் ஏறக்குறைய ஒரே நேரத்தில் கதவைச் சாத்தினார்கள்.

இருந்தும் விற்பனை வரி நகரங்கள் எதிர்பார்த்த அளவு விழவில்லை. இதற்கு இரண்டு காரணங்கள். உணவகத்துக்கும் திரையரங்குக்கும் போகாத மக்கள் அந்தப் பணத்தில் மேசை, நாற்காலி, மிதிவண்டி, வீடு பழுதுபார்க்கும் சாமான் வாங்கினார்கள். அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில் சேவைகளைவிடப் பொருட்களுக்கே விற்பனை வரி பரவலாக உண்டு. இரண்டாவது காரணம் ஒரு நீதிமன்றத் தீர்ப்பு. தெற்கு டகோட்டா மாநிலம் வேஃபேர் நிறுவனத்துக்கு எதிராக நடத்திய வழக்கில் 2018 ஜூன் மாதம் உச்ச நீதிமன்றம், மாநிலத்துக்குள் கடை இல்லாத இணைய வணிகரிடமும் விற்பனை வரி வசூலிக்கச் சொல்லலாம் என்றது. அந்தத் தீர்ப்பு இரண்டு ஆண்டு தாமதமாகியிருந்தால், வீட்டிலிருந்தபடி மக்கள் வாங்கிய பொருட்களின் வரியில் ஒரு பகுதி ஊர்களின் கைக்கு வந்திருக்காது. பெருந்தொற்றை நினைத்து யாரும் அந்த வழக்கைத் தொடுக்கவில்லை. ஆனாலும் பெருந்தொற்றில் சிறு நகரங்களைக் காத்தவற்றில் அதுவும் ஒன்று.

ஒஹாயோ நகரங்களுக்கு உள்ளூர் வருமான வரி முக்கியம். வேலை செய்யும் இடத்துக்கே அந்த வரி சேரும். ஊழியர்கள் வீட்டிலிருந்து வேலை செய்யத் தொடங்கியதும் வரி யாருக்கு என்ற சிக்கல் எழுந்தது. மாநிலச் சட்டமன்றம் மார்ச் 2020-இலேயே ஒரு சட்டம் போட்டு, வீட்டிலிருந்து செய்தாலும் வழக்கமான அலுவலகம் உள்ள நகரத்துக்கே வரி சேரும் என்றது. கொலம்பஸ் போன்ற பெரிய நகரங்கள் மூச்சு விட்டன. பகல் முழுவதும் ஆட்கள் நிறைந்திருந்த சுற்றுப்புறச் சிற்றூர்களுக்குப் புதிய வரி எதுவும் கிடைக்கவில்லை. வழக்கு மாநில உச்ச நீதிமன்றம் வரை போய், 2024-இல் சட்டம் செல்லும் என்று தீர்ப்பானது.

எல்லாவற்றிலும் பெரிய அடி சுற்றுலா ஊர்களுக்கு. யூட்டா மாநிலத்தின் மோவாப் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஆர்ச்சஸ், கேன்யன்லேண்ட்ஸ் என்ற இரு தேசியப் பூங்காக்களின் வாசலில் இருக்கும் ஊர் அது; மக்கள்தொகை சுமார் 5,300. 1950-களில் யுரேனியத்தால் செழித்து, அது ஓய்ந்தபின் சுற்றுலாவைப் பிடித்துக்கொண்டது. வெளியூர்க்காரர்கள் கொடுக்கும் விற்பனை வரியும் விடுதி வரியும் போதுமானதாக இருந்ததால், நகராட்சி பல ஆண்டுகளாகத் தனக்கென்று சொத்து வரியே வாங்கவில்லை. 2020 மார்ச் நடுவில், வசந்த காலக் கூட்டம் வரத் தொடங்கிய நேரத்தில், அங்குள்ள மருத்துவமனை அபாயக் குரல் எழுப்பியது. அதில் இருந்த படுக்கைகள் 17 மட்டுமே. வட்டார சுகாதாரத் துறை உடனே விடுதிகளையும் முகாம்களையும் வெளியூராருக்கு மூடியது. அந்த மாத இறுதியில் ஆர்ச்சஸ் பூங்காவும் மூடப்பட்டது. ஊர் தன் உயிரைக் காக்கத் தன் வருமானத்தைத் தானே நிறுத்திக்கொண்டது.

மே இறுதியில் பூங்கா திறந்தது. 2021-இல் ஆர்ச்சஸ் பூங்காவுக்கு வந்தவர்கள் 18 லட்சம் பேர். அதுவரை அவ்வளவு கூட்டம் வந்ததில்லை. ஓராண்டு வறட்சிக்கு அடுத்து மறு ஆண்டு வெள்ளம். மொத்தத்தில் மோவாப் நட்டப்படவில்லை என்றுகூட வாதிடலாம். ஆனால் வருமானம் நின்ற மாதங்களில் சம்பளப் பட்டியல் அடுத்த ஆண்டின் கூட்டத்துக்காகக் காத்திருக்காது. நெருக்கடிக்குப் பிறகு அங்கே சொத்து வரி மீண்டும் விவாதத்துக்கு வந்ததில் வியப்பில்லை.

முதலில் வெட்டுப்பட்டவர்கள்

அரசு நிதி அலுவலர்கள் சங்கம் நகரங்களுக்கு நெடுநாளாகச் சொல்லிவரும் அறிவுரை, குறைந்தது இரண்டு மாதச் செலவுக்கான பணத்தை இருப்பில் வையுங்கள் என்பது. 2008-இல் சூடுபட்ட பல நகரங்கள் அதற்கு மேலும் சேர்த்திருந்தன. ஆனால் இருப்பைத் தொடுவதற்குத் தயங்கினார்கள். அடைப்பு எத்தனை மாதம் என்று தெரியாத நிலையில், இன்றே எடுத்துவிட்டால் நாளைக்கு என்ன என்ற பயம். இருப்பு குறைந்தால் கடன் தர மதிப்பீடு இறங்கும், வட்டி ஏறும் என்ற கணக்கும் இருந்தது. மழைக்காக வாங்கிய குடையை, மழை வலுக்குமோ என்று அஞ்சி விரிக்காமல் நனைந்தவர்கள் உண்டு.

அதற்குப் பதிலாக எல்லா ஊர்களிலும் ஏறக்குறைய ஒரே வரிசையில் நடவடிக்கைகள் வந்தன. முதலில் காலியிடங்களை நிரப்பவில்லை. அடுத்து பயணம், பயிற்சி, புதிய வாகனம் நின்றன. பிறகு கட்டுமானத் திட்டங்கள் தள்ளிப்போயின. அதன்பின் பகுதிநேர, பருவகாலப் பணியாளர்கள் நின்றார்கள். நீச்சல் குளக் காவலர், பூங்காவின் கோடை முகாம் நடத்துநர், நூலக உதவியாளர், பள்ளி வாசலில் சாலை கடக்க உதவுபவர் ஆகியோர் இவர்களில் அடக்கம். கடைசியாக நிரந்தரப் பணியாளர்களுக்குச் சம்பளமில்லாக் கட்டாய விடுப்பு. 2020 ஏப்ரல் என்ற ஒரே மாதத்தில் அமெரிக்க உள்ளாட்சிகளில் 8 லட்சம் வேலைகள் குறைந்தன என்கிறது தொழிலாளர் புள்ளியியல் துறை. பள்ளிகள் மூடியது இதற்கு ஒரு பெரிய காரணம்.

வேலை இழந்தவருக்கு மத்திய அரசு வாரம் 600 டாலர் கூடுதல் உதவி கொடுத்ததால், சில நகரங்களில் கட்டாய விடுப்பு அவ்வளவு கொடுமையாகத் தெரியவில்லை. உண்மையான சேதம் பின்னால் வந்தது. தனியார் துறை 2022 நடுவில் பழைய வேலை எண்ணிக்கையைத் தொட்டுவிட்டது. உள்ளாட்சிகள் அதைத் தொட மேலும் ஓராண்டுக்கு மேலானது. தனியார் நிறுவனங்கள் சம்பளத்தை உடனே உயர்த்தி ஆட்களை இழுத்தன. நகராட்சியின் சம்பள அட்டவணை அவ்வளவு எளிதில் நகராது. ஒரு வாரத்தில் அனுப்பிய ஆளை மூன்று ஆண்டாகியும் திரும்ப எடுக்க முடியாத நிலை. தள்ளிப்போட்ட சாலை வேலையும் அப்படித்தான். 2021-22 விலையேற்றத்துக்குப் பிறகு அதே சாலைக்கு அதிகப் பணம் தேவைப்பட்டது. ஏட்டில் சிக்கனம் என்று எழுதப்பட்டதன் ஒரு பகுதி, வட்டியோடு திரும்ப வந்த கடன்.

மேலிருந்து வந்த பணம்

2020 மார்ச் 27-இல் கையெழுத்தான கேர்ஸ் என்ற மத்திய நிவாரணச் சட்டம் 2.2 லட்சம் கோடி டாலர் மதிப்புள்ளது. அதில் மாநிலங்களுக்கும் உள்ளாட்சிகளுக்குமாக ஒதுக்கியது 15,000 கோடி டாலர். ஆனால் நேரடியாகப் பணம் பெற, மக்கள்தொகை 5 லட்சத்துக்கு மேல் இருக்க வேண்டும். நாட்டிலுள்ள 19,000-க்கும் மேற்பட்ட நகராட்சிகளில் அந்தத் தகுதி நாற்பதுக்கும் குறைவான நகரங்களுக்கே இருந்தது. மற்றவை தங்கள் மாநிலத்தின் கையை எதிர்பார்க்க வேண்டியிருந்தது. சில மாநிலங்கள் தலைக்கு இவ்வளவு என்று பகிர்ந்தன, சில தாமதித்தன.

இன்னொரு முட்டுக்கட்டையும் இருந்தது. அந்தப் பணத்தைத் தொற்றுச் செலவுக்குத்தான் பயன்படுத்தலாம். வரி இழப்பை ஈடுகட்டப் பயன்படுத்தக் கூடாது. சிறு நகரத்தின் பிரச்சினையோ செலவு கூடியதைவிட வரவு குறைந்ததுதான். முகக்கவசம் வாங்கப் பணம் உண்டு, நூலகரின் சம்பளத்துக்கு இல்லை. போலீஸ், தீயணைப்பு ஊழியர்களின் சம்பளம் தொற்றுப் பணிக்கானது என்று எடுத்துக்கொள்ளலாம் என நிதித் துறை விளக்கம் அளித்தது. அந்தச் சந்து வழியாகப் பல ஊர்கள் தங்கள் பொது நிதியை விடுவித்துக்கொண்டன.

அமெரிக்க மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வ் ஏப்ரல் 2020-இல் நகரங்களுக்காக 50,000 கோடி டாலர் வரையிலான கடன் வசதியை அறிவித்தது. முதலில் 10 லட்சம் பேருக்கு மேல் வாழும் நகரங்களுக்கு மட்டும். பிறகு வரம்பு 2.5 லட்சமாகக் குறைக்கப்பட்டது. அதைப் பயன்படுத்தியவர்கள் இருவர்தான்: இல்லினாய் மாநிலமும் நியூயார்க்கின் பெருநகரப் போக்குவரத்து ஆணையமும். இருந்தும் வசதி வீணாகவில்லை. கடைசியாகக் கடன் கொடுக்க ஒருவன் நிற்கிறான் என்று தெரிந்ததுமே, மார்ச்சில் உறைந்துபோயிருந்த நகராட்சிப் பத்திரச் சந்தை இளகியது. சிறு நகரங்களுக்குக் கிடைத்தது இந்த மறைமுகப் பயன்.

ஏப்ரலில் செனட் பெரும்பான்மைத் தலைவர் மிட்ச் மெக்கானல், உதவிப் பணம் கொடுப்பதைவிட மாநிலங்கள் திவாலாக வழி திறப்பதையே தான் விரும்புவதாகச் சொன்னார். உள்ளாட்சி உதவி கட்சிச் சண்டையாகி ஏறக்குறைய ஓராண்டு இழுத்தது. 2021 மார்ச் 11-இல் கையெழுத்தான அமெரிக்க மீட்புத் திட்டம்தான் முடிவில் 35,000 கோடி டாலரை ஒதுக்கியது. அதில் 1,953 கோடி டாலர், பெரும்பாலும் 50,000-க்குக் குறைவான மக்கள் வாழும் ஊர்களுக்கு. வருவாய் இழப்பை ஈடுகட்டவும் இம்முறை அனுமதி இருந்தது. 2022 ஜனவரியில், ஒரு கோடி டாலர் வரை கணக்குக் காட்டாமலே வருவாய் இழப்பாக எடுத்துக்கொள்ளலாம் என்ற எளிய விதியும் வந்தது. ஒரே ஒரு எழுத்தரை வைத்து நடக்கும் ஊர்களுக்கு அது பெரிய நிம்மதி.

பணம் வந்தபோது ஆட்களை அனுப்பி ஓராண்டாகிவிட்டது. வருவாயும் பெரும்பாலும் திரும்பியிருந்தது. எனவே அந்தப் பணம் பல ஊர்களில் குடிநீர்க் குழாய்க்கும் சாக்கடைக்கும் தீயணைப்பு வண்டிக்கும் போனது. அவையும் தேவையானவையே. ஆனால் நெருக்கடியைத் தடுக்க வேண்டிய பணம் நெருக்கடி முடிந்தபின் வந்தது என்பதும் உண்மை. 2020-இல் ஊர்களை உண்மையில் தாங்கியது, மத்திய அரசிடமிருந்து குடும்பங்களின் கைக்கு நேராகப் போன 1,200 டாலர் நிவாரணமும் வேலையின்மை உதவியும்தான். அந்தப் பணம் கடைக்குப் போய், விற்பனை வரியாக நகராட்சிக்கு வந்து சேர்ந்தது.

திவாலானவை

அடைப்பு நகரங்களை வரிசையாகத் திவாலாக்கும் என்ற அச்சம் பலிக்கவில்லை. 2020 மே மாதம் அலபாமாவின் ஃபேர்ஃபீல்டு திவால் மனு கொடுத்தது. பர்மிங்காமை ஒட்டிய சுமார் 10,000 பேரின் ஊர். பார்த்தால் கொரோனாவின் பலி போலத் தோன்றும். ஆனால் யு.எஸ். ஸ்டீல் நிறுவனம் அங்கிருந்த ஊதுலையை 2015-இல் மூடிவிட்டது. 2016-இல் வால்மார்ட் கடையும் போனது. ஒரு ஆலையையும் ஒரு கடையையும் நம்பிய ஊர் அது. அடைப்பு வருவதற்கு நான்கு ஆண்டுகள் முன்பே அதன் கஜானா கரையத் தொடங்கிவிட்டது.

ரோட் தீவு மாநிலத்தின் சென்ட்ரல் ஃபால்ஸ் 2011-இல் திவாலானதும் இப்படித்தான். 19,000 பேர் வாழும் அந்த ஊர், தன்னால் தாங்க முடியாத ஓய்வூதியங்களை ஆண்டுக்கணக்கில் வாக்களித்திருந்தது. மீட்புத் திட்டத்தில் ஓய்வுபெற்ற சில போலீஸ்காரர்களின், தீயணைப்பு வீரர்களின் ஓய்வூதியம் 55 விழுக்காடு வரை குறைக்கப்பட்டது. பொருளாதாரம் திடீரென நிற்கும்போது ஏற்கெனவே விரிசல் விட்ட ஊர் உடைகிறது. திடமான ஊர் வளைந்து நிமிர்கிறது. எனவே திவால்களை எண்ணி அடைப்பின் பாதிப்பை அளப்பது தவறான அளவுகோல்.

சொந்தப் பணம் அச்சிட்ட ஊர்கள்

சிறு ஊர்கள் தாமாக ஏதாவது செய்ய முடியாதா என்ற கேள்விக்கு வரலாறு இரண்டு புகழ்பெற்ற விடைகளைத் தருகிறது. ஆஸ்திரியாவின் வூர்கல், 1932-இல் சுமார் 4,000 பேர் வாழ்ந்த ஊர். வேலையின்மை பெருகி, வரி பாக்கி குவிந்து கிடந்தது. மேயர் மிகாயேல் உண்டர்குகன்பெர்கர் வங்கியில் இருந்த நகரப் பணத்தை ஈடாக வைத்து வேலைச் சீட்டுகளை வெளியிட்டார். மாதம் ஒரு விழுக்காடு மதிப்புக்கு வில்லை ஒட்டினால்தான் சீட்டு செல்லும். எனவே யாரும் அதைப் பூட்டி வைக்கவில்லை. தெருவும் பாலமும் கட்டியவர்களுக்குக் கூலியாகப் போய், கடைகளில் சுற்றி, வரி பாக்கியாக நகராட்சிக்கே திரும்பியது. மற்ற ஊர்களும் பின்பற்ற முனைந்தபோது, 1933 செப்டம்பரில் ஆஸ்திரிய தேசிய வங்கி அதைத் தடுத்து நிறுத்தியது.

வாஷிங்டன் மாநிலத்தின் டெனினோவில் 1931 டிசம்பரில் ஊரின் வங்கி மூடியதும், வணிகர் சங்கம் மெல்லிய மரத் தகட்டில் பணம் அச்சிட்டது. 2020-இல் சுமார் 1,800 பேர் வாழும் அதே ஊர், அருங்காட்சியகத்தில் இருந்த அதே பழைய அச்சுப்பொறியை இயக்கி மீண்டும் மரப் பணம் அச்சிட்டது. அடைப்பால் வருமானம் இழந்ததைக் காட்டினால் ஒருவருக்கு மாதம் 300 டாலர் வரை. ஊர்க் கடைகளில் கொடுக்கலாம்; கடைக்காரர் நகராட்சியிடம் மாற்றிக்கொள்ளலாம். பின்னணியில் இருந்தது 10,000 டாலர் நிதி.

இவற்றின் அழகில் மயங்கி அளவை மறந்துவிடக் கூடாது. டெனினோ செய்தது நல்ல நிவாரணம், ஆனால் அது நகராட்சியின் பட்ஜெட் ஓட்டையை அடைக்கவில்லை. நகராட்சியிடம் இருந்த டாலரையே மரமாக்கிக் கொடுத்தது. வூர்கல் அதைவிட ஒரு படி மேலே போனது. தேங்கிய வரி பாக்கியை ஓட வைத்தது. ஆனால் அது வெற்றி பெறத் தொடங்கியதும் மேலே இருந்தவர்கள் நிறுத்தினார்கள். பணத்தைப் படைக்கும் அதிகாரம் இல்லாத அரசு எவ்வளவு சாமர்த்தியம் காட்டினாலும் அதற்கு ஒரு கூரை உண்டு என்பதற்கு இரண்டுமே சான்று.

நம் நகராட்சிகளில்

தமிழ்நாட்டில் 2020 மார்ச் 25-இல் தொடங்கிய ஊரடங்கு, நிதியாண்டின் கடைசி வாரத்தில் விழுந்தது. வரி வசூல் முகாம், குடிநீர் இணைப்புத் துண்டிப்பு எச்சரிக்கை என்று நகராட்சி வசூல் உச்சத்தில் இருக்கும் வாரம் அது. பேருந்து நிற்கவே பேருந்து நிலையக் கடை வாடகை, வண்டி நிறுத்தக் குத்தகை, கட்டணக் கழிப்பிடக் குத்தகை எல்லாம் நின்றன. நெரிசலைத் தவிர்க்கக் காய்கறிச் சந்தையைப் பல ஊர்களில் பேருந்து நிலையத்துக்கும் மைதானத்துக்கும் மாற்றினார்கள். கட்டணம் வந்த இடங்கள் செலவு வைக்கும் இடங்களாயின. கிருமிநாசினியும் தூய்மைப் பணியும் மட்டும் கூடின.

ஆனாலும் அமெரிக்க நகரம் போல நம் நகராட்சி தனியே விழாது. அதன் வருவாயில் பெரும்பங்கு மாநில, மத்திய நிதிக் குழு மானியங்களாகவே வருகிறது. 15-ஆம் நிதிக் குழு 2020-21-க்கு நாடு முழுவதும் உள்ளாட்சிகளுக்குப் பரிந்துரைத்தது ரூ.90,000 கோடி, அதில் நகரங்களுக்கு ரூ.29,250 கோடி. ரிசர்வ் வங்கி 2022-இல் வெளியிட்ட ஆய்வு, மாநகராட்சிகளின் நிதி மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 1 விழுக்காட்டைச் சுற்றியே பத்தாண்டுக்கு மேலாகத் தேங்கி நிற்கிறது என்றது. சொந்தக் காலில் நிற்காத உள்ளாட்சி, கால் இடறி விழுவதும் இல்லை. ஆனால் அந்தப் பாதுகாப்புக்கு விலை உண்டு. 2020-இல் மாநிலங்களுக்கு அனுமதித்த கூடுதல் கடனின் ஒரு பகுதியும், பின்னர் நிதிக் குழு மானியமும், சொத்து வரிக்குக் குறைந்தபட்ச விகிதம் அறிவிப்பது போன்ற நிபந்தனைகளோடு வந்தன. 2022 ஏப்ரலில் தமிழ்நாட்டில் சொத்து வரி 25 முதல் 150 விழுக்காடு வரை உயர்ந்ததற்கு அரசு சொன்ன காரணங்களில் இதுவும் ஒன்று.

இன்னொரு வேறுபாடு அதைவிட முக்கியமானது. அமெரிக்கச் சிற்றூரில் எதை வெட்டுவது என்று காணொலியிலாவது நகர மன்றம் கூடி மக்கள் முன் வாதிட்டது. தமிழ்நாட்டின் நகர்ப்புற உள்ளாட்சிகளில் 2016 அக்டோபர் முதல் 2022 பிப்ரவரித் தேர்தல் வரை மன்றமே இல்லை. தனி அலுவலர்கள் நடத்தினார்கள். எந்த வேலை நின்றது, எது நடந்தது, ஏன் என்று கேட்க வார்டு உறுப்பினர் ஒருவரும் இருக்கவில்லை. நெருக்கடியைத் தாங்குவது வேறு, நெருக்கடிக்குப் பதில் சொல்வது வேறு.

முன்பே எழுத வேண்டிய கணக்கு

இவ்வளவையும் தொகுத்தால் சிறு நகரம் செய்யக்கூடியவை சில தெரிகின்றன. ஓடும் வருமானம் மட்டும் போதாது. சொத்து வரி போல அசையாத ஒன்றும் வேண்டும், அது சிறிதாக இருந்தாலும். இருப்பு நிதி எல்லா ஊருக்கும் இரண்டு மாதம் என்ற பொது அளவில் இருக்கக் கூடாது. வருமானம் எவ்வளவு ஆடுமோ அவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும். மோவாபுக்கு வேண்டியதும் அமைதியான குடியிருப்பு நகரத்துக்கு வேண்டியதும் ஒன்றல்ல. சேர்த்த இருப்பை எப்போது, எவ்வளவு எடுப்பது என்ற விதியும் வேண்டும். இல்லாவிட்டால் பயமே விதியாகிவிடும். வெட்டுகளை வசூல் இந்த அளவு குறைந்தால் இது, அந்த அளவு குறைந்தால் அது என்று படிப்படியாக வகுத்திருந்தால், முதல் வாரத்திலேயே ஆட்களை அனுப்பத் தேவையிருக்காது.

ஆனால் பெரிய பொறுப்பு நகரத்தின் கையில் இல்லை. அமெரிக்கா 1972 முதல் 1986 வரை உள்ளாட்சிகளுக்கு, சின்னஞ்சிறு ஊர்கள் உட்பட, வருவாய்ப் பகிர்வுப் பணம் கொடுத்தது. வேலையின்மை 4.5 விழுக்காட்டைத் தாண்டினால் உதவி தானாகப் பாயும் திட்டமும் 1976-இல் தொடங்கிச் சில காலம் இருந்தது. 2020-இல் அப்படி ஒன்று உயிரோடு இருந்திருந்தால், பணம் ஓராண்டு கழித்து வந்திருக்காது. நகர மன்றங்கள் இருட்டில் கைவிட்டு வெட்டியிருக்க மாட்டா.

இது நீதிக் கேள்வியும்கூட. மோவாப் தன் விடுதிகளை மூடியது தன் 17 படுக்கைகளை மட்டும் காக்க அன்று. வெளியூர்ப் பயணிகளின் நலனும் அதில் இருந்தது. நாடு முழுவதற்குமான பொது நன்மைக்காக அடைப்பு வரும்போது, அதன் செலவு ஓர் ஊர் எந்த வரியை நம்பியிருக்கிறது என்ற தற்செயலைப் பொறுத்துப் பங்கிடப்படுவது சரியல்ல. அடைக்கச் சொல்லும் அதிகாரம் எங்கே இருக்கிறதோ, ஈடு கொடுக்கும் கடமையும் அங்கே இருக்க வேண்டும். அதை அமைதியான ஆண்டில் சட்டமாக எழுதிவைக்காவிட்டால், அடுத்த அடைப்பின் செலவையும் ஒப்பந்தமோ சங்கமோ இல்லாத பகுதிநேரப் பணியாளரும், அவரால் திறந்திருந்த நூலகத்தைத் தேடி வந்தவர்களுமே கட்டுவார்கள்.